மைதானத்தின் கடைசியில் ஓர் ஆள்

கடலூர்,
24.8.2025

திரு. சாமிக்கண்ணு அவர்களுக்கு,

நலம் விசாரித்து எழுதுகிற மனநிலையில் நான் இல்லை. நீங்களும் அதை எதிர்பார்க்க மாட்டீர்கள். என் எண்ணை நீங்கள் பிளாக் செய்து வைத்திருப்பதால் இந்தக் காலத்திலும் தபால்தலை ஒட்டிக் கடிதம் போட வேண்டியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கை மகள் இலக்கியா பள்ளிக் கலைத் திருவிழாவில் பலகுரல் பேசி முதலிடம் வாங்கினாளாம். யாருடைய ஸ்டேட்டஸிலோ பார்த்துவிட்டு என் மனைவி சௌந்தரம் வந்து காட்டினாள். பிள்ளை கோழி மாதிரி கொக்கரிக்கிறாள், ரயில் மாதிரி ஊதுகிறாள், சுற்றிலும் சிரிக்கிறார்கள். ஓரத்தில் நின்று கை தட்டுவது நீங்கள்.

மாலதி போய் இன்றோடு ஆறு மாதம். தலைத் திவசம் கழிகிற வரைக்கும் நம் வீடுகளில் பொங்கல் பானைகூட ஏற்றுவதில்லை. அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளையை அதற்குள் மேடை ஏற்றிக் கூத்தடிக்க விடுகிறீர்களே, உங்களுக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா? அதிலும் அதே பள்ளிக்கூட மேடையில்! பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி என்று அவளுக்கு ஒரு பட்டம். ஆண்டு விழா வேலை என்று மூன்று நாள் காய்ச்சலோடு வெயிலில் அலைந்தாள். கட்டினவர் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள்.

நான் மைக் செட் தொழில் தொடங்கியபோது ஓர் ஆம்ப்ளிஃபையரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும்தான். மாலதியை மைதானத்தின் கடைசியில் நிறுத்திவிட்டு மேடையிலிருந்து "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பேன். "கேக்கலண்ணே!" என்று அங்கிருந்து கத்துவாள். "கேக்குதுண்ணே" என்று அவள் சொல்கிற வரைக்கும் குமிழைத் திருப்பிக்கொண்டே இருப்பேன். இன்றைக்கு என்னிடம் இரண்டு லாரி நிறைய சாமான் இருக்கிறது. கடைசியில் நிற்க அவள் இல்லை.

இலக்கியாவை அடுத்த சுற்றுக்கு அனுப்பக்கூடாது. உங்களால் அடக்க முடியாவிட்டால் கடலூருக்கு அனுப்பிவிடுங்கள். நாங்கள் வளர்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாலதியின் அண்ணன்,
தேவநாதன்

*

சிதம்பரம்,
3.9.2025

மச்சான் அவர்களுக்கு,

நீங்கள் திரு போட்டாலும் நான் மச்சான் என்றுதான் எழுதுவேன். முறையை மாற்றிப் பழக்கமில்லை. நானும் இலக்கியாவும் நலம். சௌந்தரம் அக்காவை விசாரித்ததாகச் சொல்லவும். அவரை மட்டும்.

கருமாதியன்று பந்தி நடுவில் நின்று, "பொண்டாட்டிய கொன்னுட்டு எல போட்டு சாப்புடறான் பாரு" என்று கத்தினீர்கள். என் மகள் அப்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தடுத்த எண் அது. இன்னும் திறப்பதாக இல்லை.

அம்மா போன பிறகு அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவே இல்லை. சாப்பிடுகிறாயா என்றால் தலையாட்டல், தூங்குகிறாயா என்றால் தலையாட்டல். டாக்டரிடம்கூடக் கூட்டிப் போனேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒருநாள், மாவுக் கடையில் கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருக்கிறேன், எனக்குப் பின்னால் என் குரலே கேட்கிறது: "மாவு புளிக்கலம்மா, வெயிலு அப்புடி ஜாஸ்தி." திரும்பினால் இலக்கியா. வாடிக்கையாளர்களிடம் நான் தினமும் விடுகிற கதையை ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிட்டு, சிரிக்கலாமா கூடாதா என்று என் முகத்தையே பார்க்கிறாள். நான் சாக்கு மேல் உட்கார்ந்து அழுதேன்.

மறுபடி பேசத் தொடங்கியதே அடுத்தவர் குரலில்தான் மச்சான். இப்போதும் தன் குரலில் குறைவாகத்தான் பேசுகிறாள். அதைத்தான் தீட்டு என்று நிறுத்தச் சொல்கிறீர்கள். நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது.

மாலதி இருந்த இடத்தில் இப்போது சலீமா பீவி தலைவி. இலக்கியாவின் தோழி ஷாசியாவுடைய அம்மா. பெற்றோர்கள் சேர்ந்து என்னையும் குழுவில் உறுப்பினராகப் போட்டுவிட்டார்கள். அதையும் தெரிந்துகொண்டு வயிறெரியுங்கள்.

கடலூருக்கு அனுப்புவதாவது! வண்டியில் ஏற்றி இறக்க அவள் உங்கள் ஸ்பீக்கர் பெட்டியா?

இப்படிக்கு,
மாலதியின் கணவன்,
சாமிக்கண்ணு

*

கடலூர்,
15.9.2025

திரு. சாமிக்கண்ணு அவர்களுக்கு,

நான் நலமாகவே இருக்கிறேன். உங்களால் ஆகாமல் போனதைச் சட்டப்படி ஆக்க எனக்குத் தெரியும். இன்று திங்கட்கிழமை மனு நாள். கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று மனு கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். தாயை இழந்து துக்கத்தில் இருக்கும் மாணவியைக் குழு உறுப்பினரான தகப்பனே கட்டாயப்படுத்திக் கேலிக்கூத்து ஆடவிடுகிறார், தாய்மாமன் என்ற முறையில் ஆட்சேபிக்கிறேன் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். இனி மேலிடத்துக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மாலதியின் அண்ணன்,
தேவநாதன்

*

சிதம்பரம்,
14.10.2025

மச்சான் அவர்களுக்கு,

நாங்கள் நலம். உங்கள் மனுவும் நலம். அது ஊரெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு எங்களிடமே பத்திரமாக வந்து சேர்ந்தது.

இத்தனை வருடம் ஊர் ஊராக மைக் கட்டியவருக்கு இதுகூடத் தெரியாதா? எந்தப் பள்ளியைப் பற்றி எழுதினாலும், பள்ளி மேலாண்மைக் குழு கூடி விசாரித்துப் பதில் தரவும் என்று கடைசியில் அந்தப் பள்ளிக்குத்தான் வரும். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தலைமை ஆசிரியை உங்கள் மனுவை வாசித்தார். விசாரிக்க வேண்டிய குழுவில் நானும் ஒருவன். எழுந்து வெளியே போகிறேன் என்றேன். சலீமா பீவி விடவில்லை.

"குந்துங்கண்ணே. யா அல்லா, மவுத்தா போனவ பேர வச்சி இப்புடியெல்லாமா எழுதுவாங்க? புள்ளய வரச் சொல்லுங்க. அதக் கேட்டுக்குவோம். மாமா காயிதத்த கேட்டு நாம எதுக்கு முடிவு பண்ணணும்?"

இலக்கியா வந்தாள். மனுவை அவளிடமே கொடுத்தார்கள். முழுதாகப் படித்தாள். பிறகு நிமிர்ந்து நின்று அதே மனுவை, தாய்மாமன் என்ற முறையில் ஆட்சேபிக்கிறேன் என்பது வரைக்கும், உங்கள் குரலில் வாசித்தாள். தொண்டையைச் செருமுவீர்களே, அதுவும் விடாமல். கூட்டத்தில் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாணவி தன் விருப்பத்தோடுதான் பங்கேற்கிறாள் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டு அனுப்பிவிட்டோம்.

வட்டாரப் போட்டியிலும் அவள்தான் முதலிடம். அடுத்தது மாவட்டம். அதில் முதலாவதாக வருகிறவர் மாநிலப் போட்டிக்குப் போவார். இதுவரைக்கும் எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளையும் மாநிலத்துக்குப் போனதில்லை. ஊரே வேன் பேசி வரப்போகிறது. சௌந்தரம் அக்காவுக்கு மட்டும் என் அன்பு.

இப்படிக்கு,
மாலதியின் கணவன்,
சாமிக்கண்ணு

*

கடலூர்,
26.10.2025

திரு. சாமிக்கண்ணு அவர்களுக்கு,

சௌந்தரம் உங்கள் விசாரிப்பைக் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு மூட்டு வலி. எனக்கு உங்களைத் தவிர வேறு நோய் எதுவும் இல்லை.

என்னைக் கேலிப்பொருள் ஆக்கிச் சிரித்த குழுவுக்கு என் வந்தனம். மாவட்டப் போட்டி எங்கள் ஊரில்தான் நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே மைக் செட் போடுவது யார் என்று தெரியுமா? போன வாரம்தான் முடிவாயிற்று. ஆம்ப்ளிஃபையர் என்னுடையது, ஸ்பீக்கர் என்னுடையது, மிக்சர் முன்னால் உட்காரப் போவதும் நான்தான். என் மைக்கில் யார் குரல் எடுபடும், யார் குரல் எடுபடாது என்று வேன் பேசி வருகிற உங்கள் ஊருக்குச் சொல்லி வையுங்கள்.

காய்ச்சலில் கிடந்தவளைக் கைப்பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு நாள் ஒதுக்க முடியவில்லை உங்களுக்கு. மாவரைத்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது மகளுக்குக் கை தட்ட மட்டும் நேரம் இருக்கிறது. நான் சாகிற வரைக்கும் இதைச் சொல்வேன்.

இப்படிக்கு,
மாலதியின் அண்ணன்,
தேவநாதன்

*

சிதம்பரம்,
5.11.2025

மச்சான் அவர்களுக்கு,

நலம் கேட்கவில்லை. இதைச் சொல்லக் கூடாது என்று எட்டு மாதமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். மாலதிக்கு உங்கள் மேல் இருந்த பிரியத்துக்காக. நீங்கள் என்னை விடவில்லை. இப்போது கேளுங்கள்.

ஆண்டு விழாவுக்கு மைக் செட் போடுவதாகச் சொன்னவர் யார்? "தங்கச்சி ஸ்கூலுக்கு நான் போடாம எவன் போடுவான்" என்று பொங்கலுக்கு வந்தபோது எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னது நீங்கள். அவள் தலைமை ஆசிரியையிடம் போய்ப் பெருமையாகச் சொல்லி, வேறு ஆளுக்குக் கொடுத்திருந்த வேலையையும் நிறுத்தினாள்.

விழாவன்று காலையில் அவளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. நான் கடையைப் பூட்டிவிட்டு ஆட்டோவை வாசலில் நிறுத்தினேன். "அண்ணன் வந்துடுங்க. செட்ட கட்டிக் குடுத்துட்டு நேரா ஆஸ்பத்திரி போயிடலாம்" என்றாள். உங்களுக்குப் போன் போட்டாள். "கௌம்பிட்டேம்மா" என்றீர்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போட்டாள். "ஆலப்பாக்கத்த தாண்டிட்டேம்மா" என்றீர்கள். பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்றுகொண்டு மதியம் வரைக்கும் போட்டாள். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். ஆட்டோக்காரர் பார்த்துப் பார்த்துக் கிளம்பிப் போனார். கடைசியில் அவளே ஸ்கூட்டியில் புவனகிரி போய் யார் யாரையோ கெஞ்சி ஒரு செட் பிடித்துவந்தாள். விழா நடந்தது. கடைசிப் பாட்டு முடிவதற்குள் விழுந்துவிட்டாள். மூன்றாம் நாள் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு நான் அவள் கட்டிலுக்கு வந்தபோதுகூட, "அண்ணன்கிட்ட சொல்லாதீங்க, சங்கடப்படும்" என்றுதான் கேட்டுக்கொண்டாள். சொல்லவில்லை. நீங்கள் கருமாதியில் என்னைக் கொலைகாரன் என்றபோதும் சொல்லவில்லை.

இலக்கியா வருவாள். உங்கள் மைக்கில்தான் பேசுவாள்.

சாமிக்கண்ணு

*

சிதம்பரம்,
28.11.2025

மச்சான் அவர்களுக்கு,

என் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. பதிலைப் போட்டி மண்டபத்தில் கொடுத்தீர்கள்.

நான் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை ரயிலாக வந்தாள், "கடலூர் கடலூர், ஓடி வா ஓடி வா" என்று கண்டக்டராக வந்தாள், மாவுக்காரனாக நானும் வந்தேன். மண்டபம் நன்றாகச் சிரித்தது. கடைசியாக மைக் செட்காரர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "வந்துடறேம்மா, கௌம்பிட்டேம்மா, ஆலப்பாக்கத்த தாண்டிட்டேம்மா" என்றாள். கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ ஒரு தடவையாவது மைக் செட்டுக்குக் காத்துக் கிடந்தவர்கள்தானே எல்லாரும்! விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாருக்கும் அது நீங்கள் என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். உடனே சத்தம் நின்றது.

அவள் உதடு அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. பின்வரிசையில் கூச்சல். தலைமை ஆசிரியை எழுந்து உங்கள் பக்கம் கையைக் காட்டுகிறார். உங்கள் கை மிக்சர் மேல் இருந்தது, கண் தரையில் இருந்தது. சட்டையைப் பிடித்து இழுத்து நாலு அறை விட வேண்டும் என்றுதான் எழுந்தேன்.

அதற்குள் அவள் மைக்கை விட்டு விலகி மேடை விளிம்புக்கு வந்தாள். இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு உங்களைப் பார்த்துக் கத்தினாள்.

"கேக்கலண்ணே!"

அது இலக்கியாவின் குரல் இல்லை. எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சலீமா பீவி வாயைப் பொத்திக்கொண்டார். மண்டபம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது, அவர்களுக்கு என்ன தெரியும்? "கேக்கலண்ணே!" என்று மறுபடியும் கூப்பிட்டாள். ஸ்பீக்கர் இரைந்தது. சத்தம் வந்துவிட்டது. ஆனால் அதோடு அவளுக்கு நேரம் முடிந்து மணி அடித்துவிட்டார்கள். அவள் பேச வேண்டிய முடிவு பாக்கி இருந்தது. இரண்டாமிடம் கொடுத்தார்கள். மாநிலத்துக்கு முதலிடம் மட்டும்தான்.

அம்மா குரலை மட்டும் எடுக்காதே என்று நான்தான் ஜூனிலேயே அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன், என்னால் தாங்க முடியாது என்று. அவளும் எடுத்ததில்லை. உங்களால் எடுத்தாள். இனிமேல் உங்களுக்கு எழுத மாட்டேன்.

சாமிக்கண்ணு

*

கடலூர்,
20.12.2025

அன்பு மகள் இலக்கியாவுக்கு மாமா எழுதுவது,

நலமா? நன்றாகப் படிக்கிறாயா? இங்கே மழை விட்டுவிட்டது. அத்தைக்கு மூட்டு வலி பரவாயில்லை. உனக்காகக் கைமுறுக்கு சுற்றி வைத்திருக்கிறாள்.

அன்றைக்கு வயர் கோளாறு. பழைய கனெக்டர், அடிக்கடி அப்படிச் செய்யும். உன் அப்பா வேறு மாதிரி சொல்லியிருப்பார். மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. ராத்திரியெல்லாம் அந்தக் குரல்தான் காதில் இருக்கிறது. ஒரே ஒரு தடவை எனக்குப் போன் செய்து அதே குரலில் இரண்டு வார்த்தை பேசு. என்ன வேண்டுமானாலும் பேசு. திட்டினாலும் சரி. சலீமா பீவி வீட்டுப் போனிலிருந்து செய்யலாம். யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பாசமுள்ள மாமா,
தேவநாதன்

*

சிதம்பரம்,
4.1.2026

மாமாவுக்கு வணக்கம்.

நான் நலம். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். முறுக்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நீங்கள் எழுதியிருந்ததால் கடிதத்தை அப்பாவிடம் காட்டிவிட்டேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். அன்றைக்கு உளுந்து அளவை மாற்றிப் போட்டுவிட்டார். மாவு எல்லாம் வீண்.

வயர் கோளாறு இல்லை மாமா. நான் மேடையில் இருந்தேன். உங்கள் விரல் குமிழைக் கீழே இழுத்ததைப் பார்த்தேன்.

அம்மா குரலில் பேச மாட்டேன். உங்கள் மேல் கோபம் இருக்கிறது, அதற்காக இல்லை. அது எனக்குச் செய்யத் தெரிந்த குரல் இல்லை. நீங்கள் சத்தத்தை நிறுத்தியதும் தானாக வந்தது. வீட்டில் தனியாக முயற்சி செய்து பார்த்தேன். வரவில்லை. உங்கள் குரல் மட்டும் எப்போது கூப்பிட்டாலும் வருகிறது. போன ஆண்டு விழா அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாங்க. நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது கற்றுக்கொண்டதுதான் உங்கள் குரல்.

பிப்ரவரியில் அம்மாவுக்குத் திவசம். அதற்கு அடுத்த வாரம் எங்கள் ஆண்டு விழா. போட்டியில் விட்டுப்போன முடிவை அன்றைக்குப் பேசப் போகிறேன், என் குரலில். செட்டுக்கு யாரைச் சொல்வது என்று குழுவில் பேச்சு வந்தது. நான் உங்கள் பெயரைச் சொன்னேன். சலீமா அத்தை முறைத்தாங்க. அப்பா ஜன்னலைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் மேடையில் இருப்பதால் கடைசியில் நிற்க முடியாது. நிற்க ஆள் வேண்டுமானால் அப்பாவை நீங்களே கேளுங்கள்.

இலக்கியா,
எட்டாம் வகுப்பு

*

கடலூர்,
26.1.2026

மாப்பிள்ளைக்கு,

நலமா? பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய முறை, கேட்டேன்.

நம் பகை தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காலையிலேயே அவளைத் தூக்கி அந்த ஆட்டோவில் போட்டிருக்க வேண்டும் நீங்கள். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். நான் செய்ததற்கு என்னை நீங்கள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் அதற்காக நீங்கள் செய்யாமல் விட்டது இல்லையென்று ஆகிவிடாது.

வயர் நன்றாகத்தான் இருந்தது.

திவசத்துக்கு நானும் சௌந்தரமும் வருவோம். வாசலில் நிறுத்தினாலும் நிற்போம். ஆண்டு விழாவுக்கு முதல் நாளே செட் வந்துவிடும். கிளம்பிவிட்டேன் என்று போனில் சொல்ல மாட்டேன், நீங்கள்தான் எண்ணைத் திறக்கவில்லையே. வண்டி பள்ளிக்கூட வாசலில் நிற்பதைப் பார்த்த பிறகு நம்பினால் போதும்.

பெட்டிகளைக் கட்டி முடித்ததும் மைதானத்தின் கடைசியில் போய் நின்று, கேட்கிறதா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். மாலதிக்குப் பிறகு நான் அந்த இடத்தில் யாரையும் நிறுத்தியதில்லை. கூலி ஆட்களை நிறுத்தினால் எல்லாவற்றுக்கும் கேட்குது கேட்குது என்று தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். கேட்காததைக் கேட்கவில்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்கிற ஆள் வேண்டும். பிள்ளையைக் கேட்டால் உங்களைக் கேட்கச் சொல்கிறாள்.

கேட்கிறேன். நீங்கள் நிற்க வேண்டும். அவள் பேசுகிறதில் ஏதாவது ஒரு சொல் அங்கே வந்து சேரவில்லை என்றாலும் கத்துங்கள். என்னைப் பார்த்துக் கத்துவதற்கு உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

உங்கள் மச்சான்,
தேவநாதன்